லிப்ஸ்டிக் போட்டவள் உரிமை பேசலாமா?

முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத் திருத்தம் பற்றி ஒரு பெண் பேசும் காணொளி முகநூலில் வந்தால், அதற்குக் கீழே வரும் கருத்துகளைக் கொஞ்சம் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். அவர் பேசியது திருமண வயதைப் பற்றி. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமியைக்கூட காதியாரின் அனுமதியோடு மணமுடித்துக் கொடுக்க இடம் வைத்ததைப் பற்றி. மணமகளின் கையொப்பம் இல்லாமலே அவளது திருமணம் பதிவாவதைப் பற்றி. ஆனால் கீழே எழுதப்பட்டிருப்பதோ அவருடைய உதட்டுச் சாயத்தைப் பற்றி, புருவத்தைப் பற்றி, தலையிலிருந்து சரிந்த ஷோலைப் பற்றி. "மேக்கப்பப் பூசிட்டு வந்து உரிம பேசுறா" என்று ஒருவர். அதற்கு நூறு சிரிப்புக்குறி.

மறுபக்கமும் குறைவில்லை. அபாயா அணிந்த ஒரு சகோதரி அதே சட்டத்தைப் பற்றிப் பேசினால், "இந்த உடுப்போட என்ன பெண்ணியம்?" என்று கேட்பவர்கள் தம்மை முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். முதலாமவர் அலங்காரத்தைக் காட்டிப் பேச்சை நிறுத்துகிறார். இரண்டாமவர் அபாயாவைக் காட்டி நிறுத்துகிறார். சட்டத்தைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை எழுதவில்லை.

நாம் வரலாறு படிப்பிக்கிறவர்கள். அதனால் இந்தச் சண்டையை நேற்று முளைத்த சண்டையாகப் பார்க்க நம்மால் முடியாது. அழகுபடுத்திக்கொள்ளும் பெண் உண்மையான பெண்ணியவாதியாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு இருநூறு வருடங்களுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். நேரம் இருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள்.

*

முதலில் 1792. இங்கிலாந்தில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெண்களின் உரிமைகளை நியாயப்படுத்தி ஒரு நூல் எழுதினார். பெண்ணியச் சிந்தனையின் ஆரம்ப நூல்களில் ஒன்றாக இன்றும் அதைத்தான் சொல்கிறோம். அந்த நூல் அலங்காரத்தின் மீது கடுமையானது. சிறுவயது முதல் பெண்பிள்ளைக்கு அழகுதான் உன் பலம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், அதனால் அவளுடைய அறிவு வளராமல் போகிறது என்பது அவருடைய முறைப்பாடு.

ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. இராணுவ அதிகாரிகளை உதாரணத்துக்கு எடுத்தார். அவர்களும் உடையில் மோகம் கொண்டவர்கள், விருந்தும் நடனமும் தேடுகிறவர்கள். ஏன்? அவர்களுக்கும் ஆழமான கல்வி கிடைக்கவில்லை, கீழ்ப்படிவது மட்டுமே பழக்கப்பட்டது என்றார். அதாவது அலங்கார மோகம் பெண்ணின் பிறவிக் குணம் அல்ல. எந்த மனிதனுக்கும் அறிவின் வாசலை அடைத்துவிட்டால் அவன் கண்ணாடியின் முன்தான் போய் நிற்பான். இன்றைக்கு இந்த நூலைப் பெண்களைத் திட்டுவதற்கு எடுத்துக்காட்டுகிறவர்கள் அந்த இராணுவ அதிகாரிகளை மறந்துவிடுகிறார்கள்.

*

அடுத்தது 1851. இது நமது வாசகர்களுக்கு விசேடமாகச் சுவைக்கும்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் செனகா ஃபால்ஸ் என்றொரு சிறிய ஊர். 1848இல் பெண்கள் உரிமைக்கான முதல் மாநாடு நடந்தது அங்கேதான். அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்ணின் உடை இறுக்கிக் கட்டிய கச்சும், தரையைக் கூட்டிச் செல்லும் நீண்ட பாவாடையும், அதற்குள் அடுக்கடுக்காகப் பல உள்பாவாடைகளும். ஒரு கையில் பிள்ளை, மறுகையில் விளக்கு என்று மாடிப்படி ஏற முடியாது. பாவாடையைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

எலிசபெத் ஸ்மித் மில்லர் என்ற பெண் இதற்கு ஒரு மாற்றுக் கண்டுபிடித்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் சட்டை, அதற்குள்ளே கணுக்காலில் சுருங்கும் தளர்வான காற்சட்டை. அதற்கு அவர்கள் சொன்ன பெயர் துருக்கிக் காற்சட்டை. ஆம், உஸ்மானியப் பெண்கள் அணிந்த சல்வார்தான். மேற்குலகப் பெண்ணிய இயக்கத்தின் முதலாவது 'விடுதலை உடை' முஸ்லிம் பெண்ணின் அலுமாரியிலிருந்து இரவல் வாங்கப்பட்டது.

இது திடீரென்று நடந்ததும் அல்ல. அதற்கு நூற்று முப்பது வருடங்களுக்கு முன்பே, பிரித்தானியத் தூதுவரின் மனைவியாக இஸ்தான்புல்லுக்குப் போன லேடி மேரி வொர்ட்லி மொண்டேகு, துருக்கிப் பெண்களின் உடையைப் பற்றி ஊருக்குக் கடிதங்கள் எழுதியிருந்தார். அந்த உடையைத் தானும் அணிந்து பார்த்தார். முகத்திரை போட்டு யாரென்று தெரியாமல் நடமாடும் துருக்கிப் பெண்களுக்குத் தம் நாட்டுப் பெண்களைவிடச் சுதந்திரம் அதிகம் என்றுகூட எழுதினார். அக்கடிதங்கள் அவர் இறந்த மறு வருடம், 1763இல், நூலாக வெளிவந்தன. தூதுவர் வீட்டுப் பெண் கண்டது துருக்கியின் மேல்தட்டு வாழ்க்கையை மட்டும்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரே உடையைப் பார்த்து ஒருவர் சிறை என்றும் இன்னொருவர் சுதந்திரம் என்றும் சொல்வது அன்றே ஆரம்பித்துவிட்டது.

செனகா ஃபால்ஸுக்கு வருவோம். அமீலியா புளூமர் தன் பத்திரிகையில் இந்த உடையை ஆதரித்து எழுத, உடைக்கு அவருடைய பெயரே ஒட்டிக்கொண்டது. 'புளூமர்' என்றார்கள். எலிசபெத் கேடி ஸ்டான்டன் அணிந்தார். சூசன் பி. அந்தனி அணிந்தார். இருவரும் அமெரிக்கப் பெண்கள் உரிமை இயக்கத்தின் பெருந்தலைவிகள். அவர்கள் கேட்டது சொத்துரிமை, பிள்ளைகள் மீதான உரிமை, வாக்குரிமை. அன்றைய சட்டத்தில் மணமான பெண்ணின் சம்பளம்கூடக் கணவனுக்குச் சொந்தம்.

நடந்தது என்ன? தெருவில் சிறுவர்கள் பின்னால் வந்து கத்தினார்கள். பத்திரிகைகளில் கேலிச்சித்திரங்கள் நிறைந்தன. மேடையில் சொத்துரிமை பற்றிப் பேசினால் சபை கால்களைப் பார்த்தது. இரண்டு மூன்று வருடங்களுக்குள் ஸ்டான்டனும் அந்தனியும் பழைய நீளப் பாவாடைக்குத் திரும்பினார்கள். உடல் சுதந்திரமாக இருந்தாலும் பேச்சுக்குச் சுதந்திரம் இல்லாமல் போகிறது, கேட்பவர்கள் சொல்லைவிட்டு உடுப்பையே பார்க்கிறார்கள் என்பதுதான் காரணம்.

இதைக் கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் வாயை மூட அவளுடைய வாயை மூடத் தேவையில்லை, அவளுடைய உடுப்பைப் பற்றிப் பேசினாலே போதும் என்பதை அன்றைய பத்திரிகைகள் கண்டுபிடித்துவிட்டன. இன்றைய கருத்துப் பெட்டிகள் அதே பாடத்தைத்தான் மனனம் செய்கின்றன.

*

வாக்குரிமைக்குப் போராடிய பிரித்தானியப் பெண்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எமிலின் பாங்கர்ஸ்ட் 1903இல் மான்செஸ்டரில் ஆரம்பித்த சங்கத்தின் பெண்களை எதிரிகள் பல்லை நீட்டிக்கொண்டு, தலை கலைந்து, மாப்பிள்ளை கிடைக்காத கிழவிகளாக வரைந்தார்கள். இவர்கள் நேர்த்தியாக உடுத்துப் பதில் சொன்னார்கள். 1908இல் ஊதா, வெள்ளை, பச்சை என்று மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வருடம் ஜூன் 21ஆம் திகதி லண்டன் ஹைட் பார்க்கில் இலட்சக்கணக்கானோர் திரண்ட கூட்டத்துக்குப் பெண்கள் வெள்ளையுடையில் வந்தார்கள். பெரிய துணிக்கடைகள் அந்த நிறங்களில் தொப்பியும் நாடாவும் விற்றன. இயக்கத்தின் பத்திரிகையிலேயே விளம்பரமும் கொடுத்தன.

அப்படியானால் கடைகள் இயக்கத்தை விலைக்கு வாங்கிவிட்டனவா? 1912 மார்ச்சில் அதே பெண்கள் லண்டனின் அதே பெரிய கடைவீதிகளில் கண்ணாடிகளைச் சுத்தியலால் உடைத்தார்கள். நேர்த்தியான கோட்டுக்குள்ளிருந்துதான் சுத்தியல் வெளியே வந்தது. சிறை சென்றார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், குழாய் செருகிப் பலவந்தமாக உணவூட்டப்பட்டார்கள். 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாகவும் வாக்குரிமை கிடைத்தது. இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது 1931இல் என்பதை நம் மாணவர்கள் அறிவார்கள்.

*

இந்தக் கட்டுரையில் நமக்கு மிகவும் பிடித்த ஆள் இனித்தான் வருகிறார். அவர் பெயர் கிளாரா லெம்லிக்.

நியூயோர்க், 1909. அப்போது பெண்கள் மத்தியில் ஒரு புதிய பெஷன் பரவியிருந்தது. ஆண்களின் சேர்ட் போன்ற, பொத்தான் வைத்த ரவிக்கை. படித்த பெண், அலுவலகம் போகும் பெண், சைக்கிள் ஓட்டும் பெண் எல்லோரும் அதைத்தான் விரும்பினார்கள். புதுயுகப் பெண்ணின் அடையாளமே அந்த ரவிக்கை என்றானது. அதைத் தைத்தவர்கள் யார்? ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதப் பெண்களும், இத்தாலியிலிருந்து வந்த பெண்களும். பலர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்.

லெம்லிக்கும் அப்படித் தைத்தவர்தான். அவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஏற்கெனவே ஒரு வேலைநிறுத்தத்தில் முதலாளியின் அடியாட்கள் அடித்து அவருடைய விலா எலும்புகளை உடைத்திருந்தார்கள். நவம்பர் 22ஆம் திகதி இரவு ஒரு பெரிய மண்டபத்தில் தலைவர்கள் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்து மேடைக்குப் போய், இனிப் பேச்சு வேண்டாம், பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்று தன் தாய்மொழியான யித்திஷில் சொன்னார். அடுத்த நாட்களில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வேலையைவிட்டு வீதிக்கு வந்தார்கள்.

பத்திரிகை நிருபர்கள் வந்து பார்த்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது கந்தல் உடுத்திய, வாடிய முகங்களை. கண்டதோ இறகும் பூவும் வைத்த பெரிய தொப்பி அணிந்த இளம் பெண்களை. இவ்வளவு அழகான தொப்பி வாங்கக் காசிருந்தால் இவர்களுக்கு என்ன கஷ்டம், எதற்கு வேலைநிறுத்தம் என்ற சந்தேகம் எழுந்தது.

லெம்லிக் இதற்குப் பத்திரிகையிலேயே பதில் எழுதினார். மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்கள் ஏழைகள், எங்களுக்குத் தொப்பியெல்லாம் வேண்டாம் என்று பவ்வியம் காட்டவுமில்லை. நாங்களும் இளம்பெண்கள், மற்றப் பெண்களைப் போல எங்களுக்கும் புதுத் தொப்பியில் ஆசைதான், ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னார். தொழிற்சாலையில் அந்தத் தொப்பியைக் கொழுவி வைக்க ஓர் இடம் இல்லை, உடுப்பு மாற்ற ஓர் அறை இல்லை, காலையில் கொண்டுவந்த தொப்பி மாலைக்குள் பழுதாகிவிடுகிறது என்பதையும் முறைப்பாடுகளில் ஒன்றாக வைத்தார்.

பாருங்கள், தொப்பி அங்கே ஆடம்பரமாக இருக்கவில்லை. என்னை ஒரு இயந்திரமாக நினைக்காதே, நானும் ஓர் ஆள் என்பதற்குச் சான்றாக இருந்தது. உரிமையும் கேட்டார், தொப்பியும் போட்டார். அவருக்கு இரண்டும் முரண்படவில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அந்த வேலைநிறுத்தத்தின் பின் தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்த தொழிற்சாலைகளில் ஒன்று ட்ரயாங்கிள் கம்பனி. 1911 மார்ச் 25ஆம் திகதி, சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் அதன் மேல்மாடிகளில் தீப்பிடித்தது. வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. தீயணைப்புப் படையின் ஏணி அந்த உயரத்துக்கு எட்டவில்லை. 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். பலர் யன்னல் வழியே குதித்து இறந்தார்கள். புதுயுகப் பெண்ணின் அடையாளமான ரவிக்கையைத் தைத்த பிள்ளைகள் அவர்கள்.

நூற்றிரண்டு வருடங்களுக்குப் பிறகு, 2013 ஏப்ரல் 24ஆம் திகதி, டாக்காவுக்கு அருகே சாவரில் ரானா பிளாஸா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களும் ஆடை தைத்த பெண்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பைக் கண்டும், வேலைக்கு வரவேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள்.

ஆகவே பெஷனைப் பற்றிப் பேசும்போது உடுத்துகிற பெண்ணை மட்டும் பார்த்து, தைத்த பெண்ணைப் பார்க்காமல் விட்டால் அது பாதிப் பேச்சுத்தான்.

*

இனி எகிப்து. மேக்கப்பைவிடத் திரையைப் பற்றி நம்மூரில் சண்டை அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

1883 முதல் 1907 வரை எகிப்தை உண்மையில் ஆண்டவர் பிரித்தானியப் பிரதிநிதி குரோமர் பிரபு. எகிப்தியர் முன்னேறாததற்குத் திரையும் பெண்களின் நிலையும்தான் காரணம் என்று எழுதியவர். அதேவேளை எகிப்தில் பெண்கல்விக்குக் காசு ஒதுக்குவதில் மகா கஞ்சன். பதவி முடிந்து லண்டனுக்குத் திரும்பியதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? பிரித்தானியப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கக் கூடாது என்று போராடிய சங்கத்துக்குத் தலைவரானார். மிஸ்ரில் பெண் விடுதலையாளர், சொந்த ஊரில் பெண்களின் எதிரி. திரையைப் பற்றிய அக்கறையெல்லாம் பெண்ணைப் பற்றிய அக்கறை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் கெய்ரோவில் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். ஆசிரியர் சமூகம் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டிய இருவர்.

ஒருவர் மலக் ஹிஃப்னி நாஸிஃப். 1886இல் பிறந்தவர். 'பாலைவனத்தில் தேடுபவள்' என்ற பொருள்படும் புனைபெயரில் எழுதினார். பெண்கல்வி, பெண்கள் பள்ளிவாசலுக்குச் செல்லும் உரிமை, பலதாரமணத்தின் கொடுமை எல்லாம் எழுதினார். பலதாரமணத்தை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை. கணவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது அவருக்குத் திருமணத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது. 1911இல் எகிப்திய மாநாடொன்றுக்குப் பெண்கள் சார்பில் பத்துக் கோரிக்கைகளை அனுப்பியவரும் அவரே.

அவருடைய காலத்தில் காஸிம் அமீன் போன்ற ஆண்கள் பெண்கள் திரையை அகற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். மலக் அதை ஆதரிக்கவில்லை. அவருடைய வாதம் இதுதான்: ஆண் மூடு என்றபோது மூடினோம், இப்போது திற என்கிறான் என்று திறந்தால் மாறியது என்ன? கட்டளையிடுகிறவன் அவனேதானே. மேல்தட்டுப் பெண்கள் சிலர் திரையை விடுவது சிந்தித்து எடுத்த முடிவல்ல, ஐரோப்பிய பெஷனைப் பின்பற்றுவதுதான் என்றும் அவர் கண்டித்தார். முதலில் எங்களுக்குக் கல்வி கொடுங்கள், பிறகு எது எங்களுக்கு நல்லது என்று நாங்கள் தீர்மானிப்போம் என்பதே அவருடைய நிலைப்பாடு. 1918இல் முப்பத்திரண்டு வயதை எட்டுமுன் காய்ச்சலில் இறந்துபோனார்.

மற்றவர் நபவிய்யா மூஸா. ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தவர், தன்னைப் போலவே பயிற்சி பெற்ற ஆண் ஆசிரியருக்கு இருமடங்கு சம்பளம் என்று கண்டார். காரணம் கேட்டார். அவர்களிடம் இடைநிலைக் கல்விச் சான்றிதழ் இருக்கிறது என்றார்கள். அந்தப் பரீட்சைக்குத் தனியாகப் படித்து, 1907இல் தோற்றி, அதில் சித்தியடைந்த முதல் எகிப்தியப் பெண்ணானார். கல்வி அதிகாரிகள் தடுத்தும் விடவில்லை. பிறகு அதிபரானார், பெண்களும் தொழிலும் பற்றி 1920இல் ஒரு நூலும் எழுதினார்.

அவருடைய உடை மிக எளிமையானது. அலங்காரத்தைக் கண்டிப்பவர். தலையை மூடியிருப்பார். முகத்திரையை ஏறத்தாழ 1909இலேயே, மேளதாளம் எதுவும் இல்லாமல், வேலைக்கு வசதி இல்லை என்று விட்டுவிட்டார்.

1923இல் ஹுதா ஷஃராவி ரோமில் நடந்த சர்வதேசப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டிலிருந்து திரும்பி, கெய்ரோ ரயில் நிலையத்தில் முகத்திரையை அகற்றியதை உலகமே அறியும். அவர் அகற்றியது முகத்திரையை மட்டுமே, தலையை அல்ல. செல்வந்தக் குடும்பத்தில் பிறந்து நேர்த்தியாக உடுத்தியவர் ஹுதா. அந்த ரோம் மாநாட்டுக்கு அவரோடு போனவர்களில் எளிய கறுப்பு உடைக்கார நபவிய்யா மூஸாவும் ஒருவர். மலக் இறந்தபோது அவருக்கு நினைவுக் கூட்டம் நடத்தியதும் ஹுதாதான். ஒருவர் திரையை விட அவசரப்படாதே என்றவர், ஒருவர் ஆரவாரமில்லாமல் விட்டவர், ஒருவர் ரயில் நிலையத்தில் விட்டவர். உடையில் மூவரும் மூன்று விதம். பெண்பிள்ளை படிக்க வேண்டும் என்பதில் ஒரே விதம்.

*

இதற்கு மாறாக அரசாங்கம் உடையைக் கையில் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஈரான் சாட்சி. 1936 ஜனவரியில் ரேசா ஷா திரையைத் தடை செய்தார். பொலிஸார் வீதியில் பெண்களின் தலைத்துணியைப் பறித்தார்கள். வெளியே வர மனமில்லாமல் எத்தனையோ பெண்கள் வீட்டுக்குள் அடைந்துகொண்டார்கள். 1979இல் ஆட்சி மாறியது. மார்ச் 8ஆம் திகதி, கட்டாய ஹிஜாபை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் தெஹ்ரானில் வீதிக்கு வந்தார்கள். பின்னர் 1983இல் தலை மூடாத பெண்ணுக்குக் கசையடி என்று சட்டம் வந்தது. 2022 செப்டெம்பரில் மஹ்சா அமீனி என்ற இளம்பெண் பொலிஸ் காவலில் இருந்தபோது விழுந்து, வைத்தியசாலையில் இறந்ததும் நாடே கொந்தளித்தது. தாத்தா காலத்தில் பறித்த துணியைப் பேத்தி காலத்தில் திணித்தார்கள். இரண்டு தடவையும் பெண்ணிடம் கேட்கவில்லை. மலக் சொன்னது அதுதானே.

*

அமெரிக்காவில் பிராவை எரித்தார்களே, அதைச் சொல்லவில்லையே என்று சிலர் கேட்பீர்கள். எரிக்கவில்லை. 1968 செப்டெம்பர் 7ஆம் திகதி அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா போட்டிக்கு எதிராகக் கூடிய பெண்கள் ஒரு குப்பைத் தொட்டியை வைத்து, கச்சு, குதியுயர்ந்த செருப்பு, பொய் இமை, மேக்கப் சாமான், தரை துடைக்கும் துடைப்பம் எல்லாவற்றையும் அதில் போட்டார்கள். தீ வைக்கவில்லை. 'பிரா எரிப்பு' பத்திரிகைகள் ஊதிய கதை. புளூமர் காலத்துப் பழக்கம் விடவில்லை.

அதே நாள், அதே ஊரில், இன்னொரு மண்டபத்தில் முதலாவது மிஸ் பிளாக் அமெரிக்கா போட்டி நடந்தது. அதுவரை மிஸ் அமெரிக்கா மேடையில் ஒரு கறுப்பினப் பெண்ணும் ஏறியிருக்கவில்லை. ஒரு பக்கம் கிரீடத்தைக் குப்பையில் போடச் சொன்ன வெள்ளைப் பெண்கள். மறுபக்கம் உனக்கு அழகே இல்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட பெண்கள், அந்தக் கிரீடம் எங்கள் தலைக்கும் பொருந்தும் என்று காட்டினார்கள். இவர்களில் யார் பெண்ணியவாதி என்று கேட்டால் இருவரும்தான் என்பது நமது பதில். அழகு என்ற வார்த்தை இரண்டு கூட்டத்தையும் இரண்டு விதமாகக் காயப்படுத்தியிருந்தது. அந்த ஆர்ப்பாட்டத்தை ஒழுங்கு செய்தவர்களில் ஒருவரான கரோல் ஹானிஷ் பிற்பாடு எழுதிய விமர்சனம் நியாயமானது: நாங்கள் போட்டியை எதிர்த்தது சரி, ஆனால் போட்டியிட்ட பெண்களை எதிரிகளாகக் காட்டியது பிழை.

*

இவ்வளவு தூரம் சுற்றி வந்ததன் பிறகு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பெண்ணியவாதி லிப்ஸ்டிக் போடலாமா என்பது பிழையான கேள்வி. போடலாம். போடாமலும் விடலாம். வரலாற்றில் இரண்டு விதமானவர்களும் சிறை சென்றிருக்கிறார்கள், பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார்கள்.

சரியான கேள்வி இரண்டு. மறுத்தால் அவளுக்கு என்ன நடக்கும்? இதற்கு விலை கொடுப்பது யார்?

'என் விருப்பம்' என்று சொன்னவுடன் எல்லாம் விடுதலையாகிவிடாது. மறுப்பவளுக்குத் தண்டனை இல்லாத இடத்தில்தான் விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. இந்த இரண்டு கேள்விகளையும் நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

2019 ஏப்ரல் இறுதியில் முகம் மூடுவது அவசரகால விதியின் கீழ் தடைசெய்யப்பட்டது. முகம் மூடாமல் தலையை மட்டும் மூடிய நம் பெண்கள்கூடக் காரியாலய வாசல்களில் நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதை எதிர்த்து நாம் பேசினோம். சரி. ஆனால் அபாயா போட விரும்பாத ஒரு பிள்ளையை ஊரும் உறவும் என்ன பாடுபடுத்துகிறது என்றும் நாம் பேச வேண்டாமா? வாசலில் கழற்றச் சொன்னவனுக்கு ஒரு நியாயம், வீட்டில் போடச் சொன்னவனுக்கு ஒரு நியாயமா?

2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையல்லாத வசதியான உடையில் பாடசாலைக்குப் போனபோது நாடே கலாசாரம் பேசியது. பொருளாதாரம் வீழ்ந்து, சேலை விலை ஏறி, பஸ்ஸில் தொங்கிப் போன வருடம் அது. ஆண் ஆசிரியரின் காற்சட்டையில் எந்தக் கலாசாரம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கட்டுநாயக்கவில் 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் ஆரம்பித்த நாள் முதல், கிராமங்களிலிருந்து போன யுவதிகள் உலகத்துக்கே ஆடை தைக்கிறார்கள். நாட்டுக்கு டொலர் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு நாம் கொடுத்த பட்டம், தையல் மெசினின் பெயரை வைத்து 'ஜுக்கிப் பெட்டைகள்'. சம்பளத்தில் ஒரு நல்ல சட்டையும் நகப்பூச்சும் வாங்கினால் போதும், அவளுடைய நடத்தையைப் பற்றிய கதை ஊருக்கு வந்துவிடும். லெம்லிக்கின் தொப்பியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நியூயோர்க்கில் மட்டும் இருக்கவில்லை.

கடைசியாக, நம் வகுப்பறைப் பிள்ளைகளின் முகங்கள். 1975இல் இந்தியாவில் வந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி' கிறீம், வெள்ளையானால்தான் வேலையும் மாப்பிள்ளையும் என்று நாற்பத்தைந்து வருடங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டு, 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும் பெண் பார்க்க வருகிறவர்களின் வாய் மாறவில்லை. "பிள்ள கொஞ்சம் நெறம் கொறவு" என்ற ஒரு வசனத்துக்காகச் சீதனத்தைக் கூட்டும் ஊர்கள் நமக்குத் தெரியும். அதனால்தான் பதினைந்து வயதுப் பிள்ளை பெயரில்லாத டப்பாவில் விற்கும் வெள்ளையாக்கும் கிறீமைப் பூசுகிறாள். இப்படியான கிறீம்களில் பாதரசம் சேர்க்கப்படுவது உலகெங்கும் அறியப்பட்ட பிரச்சினை. அது தோலின் வழியே உடலுக்குள் போகும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனப் பொருட்களில் பாதரசத்தைக் கட்டுப்படுத்தியது இதனால்தான்.

பெருநாளைக்குக் கண்ணுக்கு மை போட்டு, கைக்கு மருதாணி வைத்து மகிழும் பிள்ளைக்கும், நிறம் குறைவு என்ற பயத்தில் நஞ்சைப் பூசும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டும் அலங்காரம்தான். முதலாமவள் வைக்காமல் விட்டால் ஒன்றும் நடக்காது. இரண்டாமவள் பூசாமல் விட்டால் அவளுடைய விலை குறைந்துவிடும் என்று நாம் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இங்கே பிழை செய்பவள் அவள் அல்ல.

ஆகவே தாய்மாரே, தகப்பன்மாரே, சக ஆசிரியர்களே, பிள்ளையின் நிறத்தைப் பற்றி அவள் காதுபடப் பேசுவதை நிறுத்துவோம். அவள் வீட்டில் பாவிக்கும் கிறீமின் டப்பாவை எடுத்துப் பார்ப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் வீசிவிடுவோம். தைத்தவளின் நடத்தையை அளப்பதை விட்டு அவளுடைய சம்பளத்தைப் பற்றிக் கேட்போம். ஒரு பெண் சட்டத்தைப் பற்றிப் பேசினால், சட்டத்தைப் பற்றிப் பதில் சொல்வோம். அவர் சொன்னது பிழை என்றால் எங்கே பிழை என்று எழுதுவோம்.

இந்தப் பதிவுக்குக் கீழேயும் அதையே எதிர்பார்க்கிறோம்.